ஃபுளூல் உடன்படிக்கை: மக்காவில் பிறந்து மதீனாவில் ஒலித்த குரல்

யமன் நாட்டு ஸுபைத் குலத்து வணிகர் ஒருவர் மக்காவில் சரக்கு விற்றார். வாங்கிய ஆஸ் இப்னு வாயில், குறைஷிப் பிரமுகர்; விலையைத் தர மறுத்தார். அயலூராருக்காகப் பேச எவரும் துணியவில்லை. வணிகர் அபூகுபைஸ் மலையேறி, கஅபாவைச் சுற்றி அமர்ந்திருந்தோர் செவியில் விழும்படி முறையிட்டார்.

முதலில் எழுந்தவர் நபி (ஸல்) அவர்களின் பெரிய தந்தை ஸுபைர் இப்னு அப்துல் முத்தலிப். அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆன் இல்லத்தில் ஹாஷிம், ஸுஹ்ரா, தைம், அஸத் முதலிய குலத்தார் கூடினர். உள்ளூராராயினும் வெளியூராராயினும், அநீதி இழைக்கப்பட்டவரின் உரிமையை மீட்டுத் தருவோம் எனச் சத்தியம் செய்தனர். ஆஸிடம் சென்று மீட்டும் கொடுத்தனர். ஏறத்தாழ 20 வயதினராயிருந்த நபியவர்கள் அக்கூட்டத்தில் இருந்தார்கள். இஸ்லாம் வந்த பின்னரும் அத்தகைய அழைப்பை ஏற்பேன் என்றே கூறினார்கள். நம் மேடைகளில் வரலாறு இவ்விடத்தோடு நின்றுவிடுகிறது. பிந்திய பகுதியே நமக்கு அதிகம் தேவை.

80 ஆண்டுகளுக்கு மேல் கழிந்திருந்தது. முஆவியா (ரலி) அவர்களின் ஆட்சியில் மதீனாவின் ஆளுநர் வலீத் இப்னு உத்பா. துல்மர்வாவிலிருந்த ஒரு சொத்தில் ஹுஸைன் (ரலி) அவர்களுக்குரியதைப் பதவி வலிமையால் அவர் மறுத்ததாக இப்னு இஸ்ஹாக் பதிவு செய்கிறார். நியாயம் கிடையாவிடில் வாளேந்தி நபியின் பள்ளிவாசலில் நின்று, ஃபுளூல் உடன்படிக்கையின் பெயரால் அழைப்பேன் என்றார்கள் ஹுஸைன். அப்துல்லாஹ் இப்னு ஸுபைர், மிஸ்வர் இப்னு மக்ரமா, அப்துர் ரஹ்மான் இப்னு உஸ்மான் ஆகியோர் உடன் நிற்போம் என்றனர். மூவரும் முறையே அஸத், ஸுஹ்ரா, தைம் குலத்தார். இஸ்லாத்திற்கு முன் குலமுன்னோர் செய்த சத்தியம், இம்முறை ஒரு முஸ்லிம் ஆளுநருக்கு எதிராக எழுந்தது. வலீத் இறங்கிவந்து, ஹுஸைன் மனநிறைவு கொள்ளும்படி உரிமையை அளித்தார்.