தறிகெட்ட இருவர்

எளாவூர் வழியாக வடக்கே செல்லும் பெருஞ்சாலை சென்னையையும் கல்கத்தாவையும் இணைப்பது. அச்சாலையில் மோட்டார் சைக்கிளை வெறிகொண்டு ஓட்டிச் செல்லும் இளைஞனைக் கண்டால், "தறிகெட்டவன்" என்று பெரியவர்கள் கடிந்துகொள்வர். தறி என்பது கட்டி வைக்கும் முளை. ஆங்கிலேயர் இத்தகையவனைப் பேச்சுவழக்கில் 'டேரவே' என்பர். பிய்த்துக்கொண்டு ஓடுபவன் என்பது பொருள். முன்னொரு காலத்தில் சென்னையிலிருந்து கல்கத்தாவுக்குக் கடல்வழியே சென்று இந்நாட்டின் விதியை மாற்றியவரும் அத்தகைய ஒருவரே.

1725இல் இங்கிலாந்தில் பிறந்த ராபர்ட் கிளைவ், சிறுவயதில் தேவாலயக் கோபுரத்தில் ஏறி அமர்ந்து ஊரைக் கலங்கடித்தவர். கும்பல் சேர்த்துக் கடைக்காரர்களிடம் காசு பறித்தவர் என்றும் அவருடைய வரலாற்றை எழுதியோர் கூறுவர். பள்ளிகள் பல மாற்றியும் அடங்காத மகனுக்குத் தந்தையார் கிழக்கிந்தியக் கம்பெனியில் எழுத்தர் வேலை தேடித் தந்து கப்பலேற்றினார். 1744இல் சென்னையில் இறங்கியபோது அவருக்கு வயது 18. ஆண்டுச் சம்பளம் 5 பவுன். 1751இல், திருச்சியில் முற்றுகைக்குள் சிக்கியிருந்த முஹம்மது அலிக்குத் துணையாக, ஏறத்தாழ 500 வீரருடன் ஆற்காட்டைப் பிடித்து, ஐம்பது நாள் முற்றுகையைத் தாங்கினார். அன்றுமுதல் அவருடைய துடுக்குத்தனம் வீரம் எனப் பெயர் பெற்றது.

வங்கத்தில் அவருக்கு எதிரே நின்றவரும் இளைஞரே. 1733இல் பிறந்த சிராஜுத் தவ்லா, பாட்டனார் அலிவர்தி கானின் அளவற்ற செல்லத்தில் வளர்ந்தவர். 1756 ஏப்ரலில் நவாபாகி, ஜூனில் கல்கத்தாவைக் கைப்பற்றினார். அனுமதியின்றிக் கம்பெனி கோட்டையை வலுப்படுத்தியதே அவருடைய சினத்துக்கு முதற்காரணம், அச்சினம் நியாயமானதே. ஆயினும் அவருடைய முன்கோபத்தையும் கடுஞ்சொல்லையும் பாரசீக மொழியில் எழுதிய வரலாற்றாசிரியர் குலாம் ஹுசைனும் கண்டித்துள்ளார். அதனை நாம் மறைக்க வேண்டியதில்லை. மனம் புண்பட்ட பிரபுக்கள் மீர் ஜாஃபருடன் சேர்ந்து கைவிட, 1757 ஜூன் 23இல் பிளாசியில் அவர் தோற்றார். சில நாட்களில் கொல்லப்பட்டார்.

தோற்றவரைத் துஷ்டர் என்றும், வென்றவரை மாவீரர் என்றும் ஆங்கிலேயர் நெடுங்காலம் எழுதினர். வென்றவரோ மீர் ஜாஃபரிடமிருந்து 2 இலட்சம் பவுனுக்கு மேல் பெற்றார். 1765இல் வங்கத்தின் வரிவசூல் உரிமை கம்பெனிக்குக் கிடைத்தது. 1770இல் பெரும்பஞ்சம் வந்தபோதும் அது வரி வசூலிப்பதில் கண்டிப்பாகவே இருந்தது. கிளைவின் செல்வத்தை 1773இல் பாராளுமன்றம் விசாரித்தது, ஆனால் தண்டிக்கவில்லை. 1774இல், 49ஆம் வயதில் அவர் இறந்தார். தம் கையாலேயே உயிரை மாய்த்துக்கொண்டார் என்பது வரலாற்றாசிரியர் பலரின் முடிபு.

ஒருவரைச் செல்லம் தறியவிழ்த்தது. மற்றவரை, 'தொல்லை விட்டது' என்று கப்பலேற்றிய பெற்றோரின் நிம்மதி தறியவிழ்த்தது. அதன் விலையைக் கொடுத்தவர்களோ வங்கத்துக் குடியானவர்கள். அடங்காத பிள்ளையைச் சபர் அனுப்பிவிட்டால் பொறுப்புத் தீர்ந்தது என்று எண்ணுவோர் நம்மிடையேயும் உண்டு. அவன் பணம் அனுப்பத் தொடங்கியதும் பழைய குறைகளெல்லாம் மறந்துபோகின்றன. அங்கே அவன் கையால் யார் துன்புறுகிறார் என்று நாம் கேட்கிறோமா?