ஜொகூர் மண்ணில் களைக்கொல்லி: நம் மாணவர்களுக்குச் சொல்ல வேண்டிய வரலாறு



என் பாட்டி சிகாமட் பக்கம் ஒரு தோட்டத்தில் மருந்தடிக்கும் வேலை செய்தவர். வலது கையில் இரண்டு விரல்களுக்கு நகம் ஒழுங்காக இருக்காது. சின்ன வயசில் கேட்டால், "மருந்து பட்டுப் போச்சும்மா" என்பதோடு முடித்துவிடுவாங்க. என்ன மருந்து, எத்தனை வருஷம் அடிச்சீங்க என்று கேட்க அப்போது எனக்குத் தெரியவில்லை. கேட்கத் தெரிந்தபோது பாட்டி இல்லை. பிறகு நானாகத் தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். படிவம் நான்கு, ஐந்து மாணவர்களுக்குப் பயன்படும்.

1. லாலாங்கும் ஆர்சனிக்கும்

பால்மரத் தோட்டங்களின் பெரிய எதிரி லாலாங் புல். வெட்டினாலும் வேரிலிருந்து மறுபடி முளைக்கும். மண்வெட்டியால் கொத்தி எடுக்க ஆள் செலவு அதிகம் என்று வெள்ளைக்காரத் துரைமார் சோடியம் ஆர்சனைட் என்ற நஞ்சைத் தெளிக்க வைத்தார்கள். அதில் இருப்பது ஆர்சனிக். அது ஒரு தனிமம். எனவே சிதைந்து இல்லாமல் போகாது. மண்ணிலேயே தங்கும், அல்லது நீரோடு வேறிடம் போகும்.

2. அவசரகாலமும் இலையுதிர்ப்பு மருந்தும்

1948 முதல் 1960 வரை அவசரகாலம். 1951 அக்டோபர் 6-ஆம் நாள் உயர் ஆணையர் சர் ஹென்றி கர்னி, பிரேசர் மலைக்குப் போகும் சாலையில் பதுங்கியிருந்தவர்களால் சுட்டுக் கொல்லப்பட்டார். சாலையோரப் புதர்களே பதுங்குமிடம் என்பதால் 1952 ஜூன் முதல் அக்டோபர் வரை மலாயாவில் சுமார் 1,250 ஏக்கர் சாலையோரத்தில் இரசாயனம் தெளிக்கப்பட்டது. ஆளைவைத்து வெட்டினாலே போதும் என்று அதை நிறுத்தினார்கள். ஆனால் 1953-இல், ஜெனரல் டெம்ப்ளர் காலத்தில், காட்டுக்குள் கம்யூனிஸ்டுகள் பயிரிட்ட மரவள்ளி, சோளம் போன்ற உணவுப் பயிர்களை அழிக்க வானிலிருந்து தெளித்தார்கள்.

பயன்பட்டவற்றில் ஒன்று 2,4,5-டி. இந்த மருந்து சில மாதங்களில் சிதையக்கூடியது. ஆனால் அதைத் தயாரிக்கும்போது டையாக்சின் என்ற கலப்பும் உண்டாகிவிடும். அது மண்ணில் பல்லாண்டுகள் இருக்கும். மனித உடலில் சேர்ந்தால் பாதியளவு குறையவே ஏழு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். பின்னர் வியட்நாமில் இலையுதிர்ப்பு மருந்து தெளிக்கும் முடிவை எடுத்தபோது, 1961-இல் அமெரிக்க அதிகாரிகள் மலாயாவில் பிரிட்டன் செய்ததையே முன்னுதாரணமாகக் காட்டினார்கள்.

3. பாராகுவாட்டும் நம் பெண்களும்

1960-களில் பாராகுவாட் வந்தது. பச்சை இலையில் பட்டால் ஓரிரு நாளில் கருகிவிடும். பழுப்புப் பட்டையை ஒன்றும் செய்யாது. பால்மரத்துக்கும் செம்பனைக்கும் இது ரொம்ப வசதியாகப் போய்விட்டது. முதுகில் பம்பைச் சுமந்து தெளித்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அதிலும் தமிழ்ப் பெண்கள் நிறைய. கொளுத்தும் வெயிலில் கையுறையும் முகக்கவசமும் போட்டு வேலை செய்வது லேசில்லை. பல இடங்களில் அவை கொடுக்கப்படவும் இல்லை.

பாராகுவாட்டுக்கு மாற்று மருந்து கிடையாது. உள்ளே போனால் நுரையீரலைக் கெடுக்கும். தோலில் தொடர்ந்து பட்டால் புண், மூக்கில் இரத்தம், நகம் கழறுதல். 2002-இல் தெனாகானித்தா அமைப்பு, ஆசிய பசிபிக் பூச்சிக்கொல்லி எதிர்ப்பு அமைப்புடன் சேர்ந்து வெளியிட்ட ஆய்வில் தோட்டப் பெண்கள் இவற்றையே சொன்னார்கள். அதைப் படித்தபோதுதான் பாட்டியின் விரல்களுக்கு எனக்கு விளக்கம் கிடைத்தது.

அதே 2002-இல் அரசாங்கம் படிப்படியான தடையை அறிவித்தது. 2006-இல் தடை தளர்த்தப்பட்டது. கடைசியில் 2020 ஜனவரி 1-ஆம் நாள்தான் முழுத் தடை வந்தது. சுவீடன் 1983-இலேயே தடை செய்துவிட்டது என்பதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

4. மண்ணிலிருந்து அகற்ற முடியுமா?

நஞ்சுக்கு நஞ்சு வழி மாறும். பாராகுவாட் களிமண்ணோடு இறுக ஒட்டிக்கொள்ளும். ஒட்டியபின் செடியைத் தாக்காது. ஆனால் ஆண்டுக்கணக்கில் அங்கேயே இருக்கும். இதே குணத்தைப் பயன்படுத்தித்தான் அசுத்த நீரில் பெண்டோனைட் களிமண், கிளர்வூட்டிய கரி ஆகியவற்றைச் சேர்த்து அதை ஈர்த்து எடுக்கிறார்கள். மண்ணில் வாழும் சில நுண்ணுயிர்களும் மெல்ல மெல்ல அதைச் சிதைக்கும். டையாக்சினுக்கு இது போதாது. வியட்நாமின் டா நாங் விமான நிலையத்தில் 90,000 கன மீட்டருக்கு மேற்பட்ட மண்ணைக் குவித்து, மூடி, 300 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாக்கிச் சுத்தம் செய்தார்கள். 2012-இல் தொடங்கிய வேலை 2018-இல்தான் முடிந்தது. ஆர்சனிக்கோ வெப்பத்தாலும் அழியாது. மண்ணைத் தோண்டி எடுக்கலாம், கழுவலாம், அல்லது ஆர்சனிக்கை ஈர்க்கும் சிலவகைப் பெரணிச் செடிகளை வளர்த்து அறுத்து அப்புறப்படுத்தலாம். எல்லாமே காசும் காலமும் பிடிக்கும் வேலை. தெளிப்பதற்கு ஒரு காலைப்பொழுது போதும்.

5. வகுப்பறைக்கு

தமிழாசிரியர்கள் என்ற முறையில் ஒரு சொல்லைக் கவனிக்க வேண்டுகிறேன். தோட்டத்தில் இதை யாரும் நஞ்சு என்று சொல்லவில்லை. 'மருந்து' என்றே சொன்னார்கள். நோயைத் தீர்ப்பதும் மருந்து, புல்லைக் கொல்வதும் மருந்து. பெயரே அப்படி இருக்கும்போது பயம் எங்கிருந்து வரும்? இந்தக் கேள்வியை மாணவர்களிடம் கேட்டுப் பாருங்கள், நல்ல கலந்துரையாடல் நடக்கும்.

மூன்று நடவடிக்கைகள்:

அ) தோட்டத்தில் வேலை செய்த உறவினர் ஒருவரை மாணவர் நேர்காணல் செய்தல். என்ன மருந்து, எந்த ஆண்டு, கையுறை கொடுத்தார்களா, உடம்புக்கு என்ன செய்தது?

ஆ) 2002, 2006, 2020 ஆகிய ஆண்டுகளை வைத்துக் காலவரிசைப் பத்தி எழுதுதல்.

இ) 'தோட்ட வருமானமா, தொழிலாளர் நலனா?' என்ற தலைப்பில் விவாதக் கட்டுரை.

இவற்றில் முதலாவதைத் தள்ளிப்போட வேண்டாம். மருந்தடித்த பெண்களுக்கு இப்போது வயதாகிவிட்டது. தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. வருகிற பள்ளி விடுமுறையிலேயே பிள்ளைகளைப் பாட்டிகளிடம் அனுப்புங்கள். நான் கேட்காமல் விட்டதை அவர்களாவது கேட்டு எழுதி வரட்டும்.