பேஸ் கம்பி: மேடைக்கு ஒரு கணக்கு, தேவாலயத்துக்கு ஒரு கணக்கு

ஆடி மாதக் கூழ்வார்த்தலுக்கு விழுப்புரம், திண்டிவனம் பக்கத்து ஊர்களில் மேடையேறும் மெல்லிசைக் குழுவிலும் பேஸ் கிட்டார் உண்டு. ஞாயிறு ஆராதனையில் பாடகர் குழுவுக்குப் பின்னாலும் உண்டு. கம்பியை எப்போது மாற்றுவது என்று கேட்டால் இருவருக்கும் ஒரே பதில் பொருந்தாது.

முதலில் கம்பியின் வகை. உருண்டைச் சுற்றுக் கம்பியில் எஃகு நடுக்கம்பியின்மேல் உருண்டையான மெல்லிய கம்பி சுற்றியிருக்கும். 1960களில் 'தி ஹூ' குழுவின் ஜான் என்ட்விசிலோடு சேர்ந்து ரோட்டோசவுண்ட் நிறுவனம் உருவாக்கிய கம்பி இந்த வகைக்குப் பேர்போனது; ஒலி பியானோபோல் கணீரென்று எழும். ஆனால் சுற்றுகளின் இடுக்கில் வியர்வையும் தோல் அழுக்கும் தங்கும். சில வாரங்களிலேயே அந்தக் கணீர் மங்கும். மரக்காணம் பக்கம் கடலோர மேடையென்றால் உப்புக்காற்று துருவையும் சேர்க்கும்.

இன்னொரு வகையான பட்டைச் சுற்றுக் கம்பியில் மேற்பரப்பு வழவழப்பு. அழுக்கு தங்க இடம் குறைவு. ஒலி முதல் நாளே சற்று மந்தமாக இருப்பதால் இழக்கவும் அதிகம் இல்லை. மோட்டவுன் இசைக்கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சன் தன் 1962 ஃபெண்டர் பிரிசிஷனில் பட்டைச் சுற்றுக் கம்பியை அறுந்தால் ஒழிய மாற்ற மாட்டார் என்பார்கள்.

அப்படியானால் கணீர் என்பது வெறும் ரசனையா? தேவாலயச் சுவர்களுக்குள் ஆம். திறந்தவெளியில் அல்ல. பேஸின் தடித்த கம்பியை அழுத்தாமல் மீட்டினால் எழும் சுரம் சுமார் 41 ஹெர்ட்ஸ். சிறிய ஒலிபெருக்கி அதைச் சரியாகத் தராது. காது அந்தச் சுரத்தைப் பிடிப்பதே மேலே எழும் துணைச்சுரங்களை வைத்துத்தான். கம்பி மங்கினால் முதலில் போவது அவைதான். கூட்டத்தில் பின்னால் நிற்பவருக்கு வெறும் 'தொம் தொம்' மட்டும் மிஞ்சும்.

இருவருக்கும் பொதுவான சோதனை ஒன்று உண்டு. 12-வது ஃப்ரெட்டுக்கு நேர்மேலே கம்பியை அழுத்தாமல் விரலால் தொட்டு மீட்டுங்கள். பிறகு அதே இடத்தில் அழுத்தி மீட்டுங்கள். இரண்டும் ஒரே சுரமாக ஒலிக்க வேண்டும். பிரிட்ஜில் சேடிலை நகர்த்திச் சரிசெய்தும் பொருந்தவில்லையா? அழுக்கும் ஃப்ரெட் உரசிய தழும்பும் கம்பியின் எடையை இடத்துக்கு இடம் மாற்றியிருக்கக்கூடும். இனி டியூனரைத் திருகிப் பயனில்லை. கீபோர்டின் சுரம் அசையாது. பக்கத்தில் வாசிக்கும் பேஸின் பிசகு பளிச்சென்று தெரியும்.

ஆகவே மேடைக்காரர் காதை நம்பலாம்: கணீர் போனால், சீசன் தொடங்கும் முன் நான்கு கம்பிகளையும் சேர்த்தே மாற்றிவிட வேண்டும், வாசித்து முடித்ததும் துணியால் துடைத்தால் ஆயுள் நீளும். பட்டைச் சுற்று போட்ட தேவாலயக்காரர் அந்த 12-வது ஃப்ரெட் சோதனை தோற்கும்வரை காசைச் செலவழிக்க வேண்டியதில்லை.