மில்ட்ரெட் கோனும் நொதிகளின் காந்த ஒத்ததிர்வும்

ஒரு நொதியின் முழு வடிவம் எக்ஸ்-கதிர்ப் படிகவியல் வழியாக முதன்முதலில் வெளியானது 1965-இல். அந்த நொதி லைசோசைம். அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, வேறு சில நொதிகளின் செயல்மையத்தில் எது எதோடு ஒட்டி நிற்கிறது என்பதைக் காந்த ஒத்ததிர்வு நிறமாலையியல் சொல்லத் தொடங்கிவிட்டது. இந்த வழியைத் திறந்தவர்களில் முதன்மையானவர் அமெரிக்க உயிர்வேதியியலாளர் மில்ட்ரெட் கோன்.

கோன் 1913-இல் நியூயார்க்கில், ரஷ்யாவிலிருந்து குடியேறிய யூதக் குடும்பத்தில் பிறந்தார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஹெரால்ட் யூரியிடம் ஆக்சிஜன் ஐசோடோப்புகளை ஆராய்ந்து 1938-இல் முனைவர் பட்டம் பெற்றார். பிறகு வின்சென்ட் டு விக்னோவின் ஆய்வகம்; 1946 முதல் செயின்ட் லூயியில் கார்ல் கோரி, கெர்ட்டி கோரி தம்பதியின் ஆய்வகம். இந்த நால்வருமே நோபல் பரிசு பெற்றவர்கள். கோனுக்கோ 1958 வரை ஆசிரியர் பதவியே தரப்படவில்லை. ஏறக்குறைய 20 ஆண்டுகள் பிறர் ஆய்வகங்களில் உதவி ஆய்வாளராகவே கழிந்தன. திறமைக் குறைவு இதற்குக் காரணமல்ல. அக்காலப் பல்கலைக்கழகங்கள் பெண்களை நடத்திய விதம் அது.

செயின்ட் லூயியில் அவர் கையிலெடுத்த கேள்வி பாஸ்பேட் பற்றியது. செல்லின் ஆற்றல் வரவு செலவில் பெரும்பகுதி ஏடிபி என்ற மூலக்கூறின் வழியே நடக்கிறது. அதில் மூன்று பாஸ்பேட் தொகுதிகள் வரிசையாக நிற்கின்றன. கைனேஸ் வகை நொதிகள் கடைசித் தொகுதியைப் பிரித்து வேறொரு மூலக்கூறுக்கு மாற்றுகின்றன. ஆக்சிஜன்-18 ஐசோடோப்பை அடையாளமாக இட்டு, எந்தப் பிணைப்பு முறிகிறது என்பதைக் கோன் நிறுவினார். ஆனால் இந்த முறை வினை முடிந்தபின் விளைபொருளைச் சோதிப்பது. வினையின்போது நொதிக்குள் என்ன நடக்கிறது என்பதை அறிய வேறு கருவி வேண்டியிருந்தது.

அந்தக் கருவி அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு. இயற்பியலாளர்கள் பிளாக், பர்செல் ஆகியோரின் குழுக்கள் அதைக் கண்டறிந்து அப்போது அதிகக் காலம் ஆகியிருக்கவில்லை. பாஸ்பரஸ்-31 இதற்கு வாய்ப்பான அணு: இயற்கையில் கிடைக்கும் பாஸ்பரஸ் முழுவதும் அந்த ஒரே ஐசோடோப்புதான், அதற்குக் காந்தத் திருப்புமையும் உண்டு. சக ஆய்வாளர் ஹியூஸுடன் சேர்ந்து 1960-இல் கோன் வெளியிட்ட ஏடிபி நிறமாலையில் மூன்று பாஸ்பேட்டுகளும் மூன்று தனித்தனிக் குறிகைகளாகத் தெரிந்தன. வேதிமுறையால் மூலக்கூறைச் சிதைக்காமல், கரைசலிலேயே ஒவ்வொரு பாஸ்பேட்டையும் தனியே கவனிக்க முடிந்தது. 1962-இல் வந்த இரண்டாம் கட்டுரை, மெக்னீசியம் போன்ற உலோக அயனிகள் பெரிதும் நடு, கடைசி பாஸ்பேட்டுகளோடு பிணைகின்றன என்று காட்டியது.

உலோகம் இங்கே முக்கியமானது, ஏனெனில் மெக்னீசியம் போன்ற அயனி இல்லாமல் கைனேஸ்கள் வேலை செய்வதில்லை. ஆனால் மெக்னீசியம் அந்தக் காலக் காந்தக் கருவிகளுக்கு ஏறக்குறைய ஊமை. அதன் இடத்தில் மாங்கனீசை வைத்தால் பல நொதிகள் இயங்கிக்கொண்டே இருக்கும். மாங்கனீசு அயனிக்கு ஐந்து இணையற்ற எலெக்ட்ரான்கள் இருப்பதால் அது காந்தப்புலத்தில் உரக்கப் பேசும். அந்த எலெக்ட்ரான்கள் சுற்றியுள்ள நீர் மூலக்கூறுகளின் புரோட்டான்களை விரைவாகத் தளர்வடைய, அதாவது கிளர்ந்த நிலையிலிருந்து இயல்பு நிலைக்குத் திரும்ப, வைக்கின்றன. மாங்கனீசு ஒரு பெரிய புரதத்தோடு ஒட்டிக்கொண்டால் அதன் சுழற்சி மெதுவாகி, இந்த விளைவு பல மடங்கு பெருகுகிறது. ஆக, நொதியை நேரடியாகப் பார்க்கவே வேண்டியதில்லை. நீரின் குறிகையை அளந்தாலே போதும். கோனின் ஆராய்ச்சியில் மிக நுட்பமான சிந்தனை இதுவே.

1960-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துக்கு மாறியபின் இந்த அளவீட்டை அவர் நொதிகள்மேல் வரிசையாகச் செலுத்தினார். ஜான் லீயுடன் 1962-இலும், ஆல்பர்ட் மில்ட்வனுடன் தொடர்ந்த ஆண்டுகளிலும் வந்த கட்டுரைகளிலிருந்து நொதிகள் இரு வகையாகப் பிரிந்தன. கிரியேட்டின் கைனேஸில் உலோகம் நொதியை நேரடியாகத் தொடுவதில்லை. ஏடிபி நடுவில் பாலமாக நிற்கிறது. பைருவேட் கைனேஸிலோ உலோகமே நொதியில் போய் அமர்கிறது. ஒரே உலோகம், ஒரே வகை வினை. இருப்பினும் அமைப்பு வேறு.

1978-இல் கோன் தம் இரண்டு கருவிகளையும் ஒன்றாக்கினார். பாஸ்பரஸோடு பிணைந்த ஆக்சிஜன்-16-க்குப் பதில் ஆக்சிஜன்-18 வந்தால், பாஸ்பரஸ் குறிகை பத்து லட்சத்தில் ஏறக்குறைய 0.02 பங்கு இடம்பெயர்கிறது. அளவு சிறிதே, ஆயினும் எந்த ஆக்சிஜன் எங்கே போனது என்பதை வினை நடக்கும்போதே பின்தொடர அது போதுமானது. அதே ஆண்டில் அமெரிக்க உயிர்வேதியியலாளர் சங்கத்தின் முதல் பெண் தலைவரானார். 1982-க்கான தேசிய அறிவியல் பதக்கமும் அவருக்குக் கிடைத்தது.

கோனின் முறைக்கு எல்லை உண்டு. அது உலோகத்தைச் சுற்றியுள்ள சிறு பரப்பை மட்டுமே விளக்கும். புரதத்தின் முழு மடிப்பைக் காட்டாது. அந்தப் பணியை 1980-களில் சுவிட்சர்லாந்தில் குர்ட் வுத்ரிச்சின் குழு நிறைவேற்றியது. அதற்காக அவர் 2002-இல் வேதியியல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். கோன் 2009-இல் தமது 96-ஆம் வயதில் காலமானார்.