உடல் அமெரிக்கா, இதயம் ரஷ்யா

ஒரு காரின் ஆயுள் எத்தனை ஆண்டு? சிங்கப்பூரில் கேட்டால் பலர் யோசிக்காமலே பத்து ஆண்டு என்பார்கள். 1990ஆம் ஆண்டு நடப்புக்கு வந்த வாகன உரிமைச் சான்றிதழ் முறை அப்படிப் பழக்கிவிட்டது. சான்றிதழைப் புதுப்பிக்கலாம். ஆனாலும் பத்தாண்டு நெருங்கியதும் நன்றாக ஓடும் காரையே கழித்துவிடுவோர் பலர்.

இன்னொரு தீவில் கதையே வேறு. கியூபாவின் தலைநகர் ஹவானாவில், 1950களில் வந்திறங்கிய செவர்லே, போர்ட், பியூக், டாட்ஜ் கார்கள் எழுபது ஆண்டுகளைத் தாண்டியும் சாலையில் ஓடுகின்றன. இத்தகைய கார்கள் ஏறத்தாழ 60,000 இருக்கலாம் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. சுற்றுப்பயணிகள் அவற்றை ஓடும் அருங்காட்சியகம் என்று வியக்கிறார்கள். ஆனால் முன்மூடியைத் திறந்து பார்த்தால் வியப்பு வேறு திசையில் போகும். வெளித்தோற்றம் அமெரிக்கா. உள்ளே இருப்பதோ ரஷ்ய இயந்திரம், அல்லது ஜப்பானிய டீசல் இயந்திரம், கொரியக் கியர் பெட்டி. அப்படியானால் இதைப் பழைய கார் என்று சொல்லலாமா?

கதவு மூடப்பட்ட கதை

1950களில் கியூபா அமெரிக்கக் கார்களுக்கு நல்ல சந்தையாக இருந்தது. புளோரிடாவின் தென்முனையிலிருந்து சுமார் 150 கிலோமீட்டர் கடலைக் கடந்தால் கியூபா. டெட்ராய்டில் வெளிவரும் புதிய கார்கள் விரைவிலேயே ஹவானா வீதிகளுக்கும் வந்துவிடும்.

1959 ஜனவரி முதல் நாள் பட்டிஸ்டா நாட்டைவிட்டு ஓடினார். பிடல் காஸ்ட்ரோவின் புரட்சி வென்றது. இரு நாட்டு உறவும் வேகமாகக் கசந்தது. உணவும் மருந்தும் நீங்கலாகப் பெரும்பாலான பொருள்களைக் கியூபாவுக்கு ஏற்றுமதி செய்ய 1960 அக்டோபரில் அமெரிக்கா தடை விதித்தது. 1962 பிப்ரவரியில் அதிபர் கென்னடி அதை முழு வர்த்தகத் தடையாக்கினார். புதிய கார் வருவது நின்றது. அதைவிடப் பெரிய அடி, பழைய காருக்கு வேண்டிய உதிரிபாகங்களும் நின்றுபோனதுதான்.

அடுத்த முப்பது ஆண்டுகள் சோவியத் கார்களின் காலம். மாஸ்க்விச், வோல்கா, லாடா ஆகியவை கப்பலில் வந்தன. ஆனால் அவற்றைக் கடைக்குப் போய் வாங்கிவிட முடியாது. மருத்துவர்கள், அதிகாரிகள், சிறந்த தொழிலாளர்கள் எனத் தகுதி பார்த்து அரசாங்கம் ஒதுக்கியது. மேலும், புரட்சிக்கு முன்பே நாட்டில் இருந்த கார்களை மட்டுமே மக்கள் தங்களுக்குள் தடையின்றி வாங்கி விற்கலாம் என்ற நிலை இருந்தது. இந்த விதி 2011இல்தான் தளர்ந்தது. அதனால் துருப்பிடித்த ஒரு 1952 செவர்லேகூட அங்கு குப்பைக்குப் போகவில்லை. அது குடும்பச் சொத்து. அப்பாவிடமிருந்து மகனுக்கும், மகனிடமிருந்து பேரனுக்கும் கைமாறியது.

பட்டறையில் நடப்பது என்ன?

ஹவானாவின் கடற்கரைச் சாலையான மலெக்கோனில் அலைகள் சுவரைத் தாண்டி வந்து சாலையில் விழுவதுண்டு. உப்புக் காற்றில் இரும்பு என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. முதலில் கதவின் அடிப்பகுதியும் தரையும் அரித்துப்போகும். பட்டறைக்காரர் அரித்த பகுதியை வெட்டி எடுப்பார். கிடைத்த தகட்டைச் சுத்தியலால் தட்டி வளைத்து, அதே இடத்தில் பற்றவைப்பார். மேடுபள்ளத்தைப் பட்டி பூசிச் சமன் செய்து, மேலே சாயம் அடிப்பார். பளபளக்கும் இளஞ்சிவப்புக் காரின் கீழே இப்படிப் பல ஒட்டுகள் மறைந்திருக்கும்.

உடலைவிட இயந்திரத்தை மாற்றுவது பெரிய வேலை. 1955ஆம் ஆண்டு செவர்லேயின் எட்டு சிலிண்டர் இயந்திரம் 4.3 லிட்டர் கொள்ளளவு கொண்டது. பெட்ரோலைத் தாராளமாகக் குடிக்கும். அதற்குப் பதிலாக ஒரு டீசல் இயந்திரத்தைப் பொருத்த வேண்டுமானால், முதலில் அதைத் தாங்கும் பிடிகளைப் புதிதாகச் செய்ய வேண்டும். கியர் பெட்டியின் நீளம் வேறுபடும். ஆகவே பின்சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுசெல்லும் தண்டை வெட்டியோ நீட்டியோ பற்றவைக்க வேண்டும். தண்டு இம்மியளவு கோணினாலும் கார் முழுவதும் அதிரும். டீசல் இயந்திரம் மெதுவாகச் சுழலும் இயல்புடையது. அதற்கேற்பப் பின் அச்சையும் மாற்றாவிட்டால் கார் வேகம் பிடிக்காது.

சின்னச் சின்னச் சிக்கல்களும் உண்டு. அமெரிக்க நட்டும் போல்டும் அங்குலக் கணக்கு. ரஷ்ய, ஜப்பானியப் பாகங்கள் மில்லிமீட்டர் கணக்கு. ஒரே காரைக் கழற்ற இரண்டு வகை ஸ்பேனர்கள் வேண்டும். 1954 வரை வந்த செவர்லே கார்களில் மின்சாரம் 6 வோல்ட். புதிய இயந்திரங்களுக்கு வேண்டியதோ 12 வோல்ட். எனவே விளக்கு முதல் ஹார்ன் வரை மாற்ற வேண்டியிருக்கும். வேகமானியின் கம்பி புதிய கியர் பெட்டியில் பொருந்தாததால், ஓடும் காரிலும் முள் பூஜ்யத்திலேயே நிற்பதுண்டு.

1991இல் சோவியத் ஒன்றியம் சிதறியபோது கியூபாவுக்கு வந்த எண்ணெயும் உதவியும் வற்றின. அரசாங்கம் சீனாவிலிருந்து பத்து லட்சத்துக்கும் அதிகமான சைக்கிள்களை வரவழைத்தது. பேருந்துகள் குறைந்த அந்த ஆண்டுகளில் பழைய அமெரிக்கக் கார்கள்தான் குறிப்பிட்ட தடங்களில் பலரை ஏற்றிச் செல்லும் டாக்சிகளாயின. மக்கள் அவற்றுக்கு வைத்த பெயர் ‘அல்மென்ட்ரோன்’. பெரிய வாதுமை என்பது பொருள். எண்ணெய்ச் சிக்கனம் சோற்றுப் பிரச்சினையானதால் டீசல் இயந்திர மாற்றமும் பரவியது.

அசல் எது?

பழைய வாகன ஆர்வலர்களின் உலகச் சம்மேளனமான ‘ஃபீவா’ 1966இல் தொடங்கப்பட்டது. வரலாற்று வாகனம் என்பதற்கு அது இலக்கணம் வகுத்துள்ளது. வயது முப்பதுக்குக் குறையக்கூடாது. வரலாற்றுக்குப் பொருந்தும் நிலையில் பேணப்பட வேண்டும். அன்றாடப் போக்குவரத்துக்குப் பயன்படக்கூடாது. இந்த அளவுகோலின்படி பார்த்தால் ஹவானா டாக்சிகளில் பெரும்பாலானவை தேறமாட்டா.

அசலைக் காக்க வேண்டிய இடமும் உண்டு. எழுத்தாளர் ஹெமிங்வேயின் 1955ஆம் ஆண்டு கிரைஸ்லர் நியூயார்க்கர் கார், அவர் 1961இல் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பின் சிதைந்த நிலையில் கிடைத்தது. ஹவானா அருகே அவர் வாழ்ந்த இல்லத்தில் உள்ள அருங்காட்சியகத்துக்காக அதைச் சீரமைக்கும் பணி தொடங்கியது. பிரிட்டனில் வாழ்ந்த நடிகர் டேவிட் சோலும் இம்முயற்சிக்குத் துணை நின்றார். வர்த்தகத் தடையால் அமெரிக்க உதிரிபாகங்களைப் பெறுவது பெரும்பாடானது. அந்தக் காருக்காகக் காத்திருக்கலாம். அது யாருக்கும் சோறு போட வேண்டியதில்லை. மறுநாள் காலை பயணி ஏற்ற வேண்டிய டாக்சிக்காரரால் காத்திருக்க முடியுமா?

இதையெல்லாம் அழகான ஏழ்மை என்று ரசிப்பதும் சரியாகாது. பல கார்களில் இருக்கைவார் இல்லை. புகை மூச்சைத் திணறடிக்கும். பிரேக் எண்ணெய் கிடைக்காத நாளில் ஷாம்பூ கலந்த கலவையை ஊற்றியோரும் உண்டு என்பார்கள். 2014 ஜனவரியில் அரசாங்கம் கார் விற்பனையைத் திறந்துவிட்டபோது ஒரு பெஜோ 508 காருக்குக் குறித்த விலை சுமார் 262,000 அமெரிக்க டாலர். அப்போது அரசாங்க ஊழியரின் சராசரி மாதச் சம்பளம் சுமார் 20 டாலர்தான். பழைய காரைப் பழுதுபார்த்தது பலருக்கு விருப்பமல்ல. வேறு வழி இல்லை.

ஆயினும், மாற்றுப் பாகங்களால் அந்தக் கார்களின் வரலாறு கெட்டுவிட்டது என்று கூற முடியாது. அந்தப் பாகங்களே வரலாறு. மேலுடல், புளோரிடாக் கடலைக் கப்பல்கள் தடையின்றிக் கடந்த 1950களைச் சொல்கிறது. வோல்கா இயந்திரம், சோவியத் நட்பின் காலத்தைச் சொல்கிறது. ஜப்பானிய, கொரிய டீசல் இயந்திரங்கள், அந்த நட்பு அறுந்தபின் கிடைத்ததைக் கொண்டு பிழைத்த காலத்தைச் சொல்கின்றன. எல்லாம் அசலாக உள்ள காரில் அது தொழிற்சாலையை விட்டு வெளிவந்த ஒரே ஒரு நாளைப் படிக்கலாம். ஹவானா டாக்சியில் அதற்குப் பின் வந்த எழுபது ஆண்டுகளையும் படிக்கலாம்.