கணினி ஆட்டங்களில் துணைவர்: ஒரு வரலாற்று நோக்கு

தன்வினைக்கும் பிறவினைக்கும் எடுத்துக்காட்டுக் கேட்டால் நம் மாணவர் 'ஆடினான், ஆட்டினான்' என்றும், 'நடந்தான், நடத்தினான்' என்றும் தயங்காமல் கூறுவர். கூத்தன் ஆடுகிறான்; பொம்மலாட்டக்காரன் பொம்மையை ஆட்டுகிறான். பொம்மை இடறினால் பிழை நூலைப் பிடித்தவனுடையது. தெருக்கூத்திலோ, வாத்தியார் அடவு கற்பித்து அனுப்பிய கூத்தன் அவையைக் கண்டதும் தன் போக்கில் ஒரு வரி கூட்டுவான், ஒரு வரி விடுவான். வாத்தியார் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பதைத் தவிர வேறு செய்வதற்கில்லை. இலக்கண வகுப்போடு முடிந்துவிட்டதாக நான் எண்ணியிருந்த இவ்வேறுபாடு, கணினி ஆட்டங்களை ஆக்குவோரிடையே நெடுங்காலமாகத் தீராத வழக்காக இருந்து வருகிறது என்பதை என் மகன் வாயிலாகவே அறிந்தேன்.

பல்கலைக்கழகத்தில் பயிலும் அவன் விடுமுறைக்கு ஜொகூருக்கு வந்திருந்தபோது, ஒரே போரை ஒன்றரை மணி நேரம் ஆடிக் கொண்டிருந்தான். இத்தனை நேரம் எதற்கு என்று கேட்டேன். "நால்வரையும் நான்தானே அப்பா நகர்த்த வேண்டும்?" என்றான். அவர்களாகவே போரிட மாட்டார்களா என்று கேட்டதற்கு, "பழைய ஆட்டங்களில் போரிட்டார்கள். அதனால்தான் பலர் தோற்றார்கள்" என்று சிரித்தான். கணினி விளையாட்டு என்றதும் முகம் சுளிக்கும் தலைமையாசிரியர்களுள் ஒருவனாகிய நான், அன்றிரவு அவனருகில் நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்தேன்.

இவ்வகை ஆட்டங்களை 'ரோல் பிளேயிங்' ஆட்டங்கள் என்பர். வேடமேற்று ஆடுவன என்பது பொருள். ஆடுவோன் கதைத்தலைவனாக வேடம் பூணுகிறான். வாள்வீரன், காயம் ஆற்றவல்ல குரு, மந்திரம் வல்லான் எனத் துணைவர் சிலர் அவனுடன் செல்வர். வழியில் போர் நேரும்பொழுது அத்துணைவரை இயக்குவது யார் என்பதே வினா.

கணினிக்கு முன் இவ்வினாவுக்குப் பெரிதும் இடமிருந்ததில்லை. 1974ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவரும் வெளியிட்ட 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் மேசை ஆட்டத்தில், குழுவிலுள்ள ஒவ்வொரு வீரனுக்கும் பின்னால் ஒரு மனிதர் அமர்ந்திருந்தார். வாள்வீரனுக்கு ஒருவர், மந்திரவாதிக்கு மற்றொருவர். எனினும் கூலிக்கு அமர்த்தும் ஆட்கள் அவ்வாட்டத்திலும் உண்டு. அவர்கள் நிலைத்து நிற்பரா, அஞ்சி ஓடுவரா என்பதைத் தாயக்கட்டை உருட்டித் தீர்மானித்தனர். கூலியாளின் விசுவாசத்திற்கு எண் வகுத்த அந்தச் சிறு விதியே பின்வந்த வழக்கின் வித்து என்று நான் கருதுகிறேன்.

மேசையிலிருந்து ஆட்டம் கணினிக்குப் பெயர்ந்தபோது நண்பர்கள் போயினர்; ஆறு வீரர்களும் ஒருவன் கைக்கு வந்தனர். ஆண்ட்ரூ கிரீன்பெர்க், ராபர்ட் உட்ஹெட் என்னும் கார்னெல் பல்கலைக்கழக மாணவர் இருவர் படைத்து 1981இல் வெளிவந்த 'விசார்ட்ரி' இதற்குத் தக்க சான்று. ஒவ்வொரு சுற்றிலும் ஆறு பேருக்கும் தனித்தனியே ஆணையிட வேண்டும். நீ வெட்டு, நீ காத்து நில், நீ மந்திரம் சொல். தோட்டத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு இது விடியற்காலைப் பெரட்டை நினைவூட்டியது. கங்காணி பெயர் கூப்பிட்டு ஆளுக்கொரு நிரை காட்டும் வரையில் ஒருவரும் அசையார்.

இம்முறையை மாற்றத் துணிந்தவர்கள் ஜப்பானியர். யூஜி ஹொரி உருவாக்கிய 'டிராகன் குவெஸ்ட்' வரிசையில் முதல் ஆட்டம் 1986இல் வந்தது; அதில் துணைவரே இல்லை. இரண்டாவதிலும் மூன்றாவதிலும் துணைவர் வந்தனர். ஆடுவோன் சொற்படி நடந்தனர். 1990இல் வெளிவந்த நான்காவதில்தான் புதுமை. அதன் கதை ஐந்து அத்தியாயங்களாக அமைந்தது. முதல் நான்கில், பின்னர் துணைவராகப் போகிறவர்களின் முற்கதைகளை ஆடுவோன் தானே நடத்திச் செல்கிறான். ஐந்தாம் அத்தியாயத்தில் அவர்கள் கதைத்தலைவனுடன் வந்து சேர்கின்றனர். சேர்ந்த அன்றே அவன் கையிலிருந்து நழுவிவிடுகின்றனர். 'உயிரைப் பேணுக', 'மந்திரத்தைச் சிக்கனமாகச் செலவிடுக' என்பன போன்ற பொதுவான உத்தி ஒன்றை அறிவிக்கலாம். அதற்குமேல் எவர் என்ன செய்ய வேண்டும் என்பதை அவரவரே முடிவு செய்வர். துணைவர் உயிருள்ள மாந்தராகத் தோன்ற வேண்டும் என்னும் கலை நோக்கு இதில் இருந்தது எனலாம். நோக்கைக் குறை கூறுவதற்கில்லை.

ஆயினும் நேர்ந்தது வேறு. துணைவருள் கிளிஃப்ட் என்றொரு இளங்குரு உண்டு. காயம் ஆற்றுவது அவனது தலையாய பணி. அவனிடம் எதிரிக் கூட்டத்தை ஒரு நொடியில் மாய்க்கவல்ல சாவு மந்திரம் ஒன்றும் இருந்தது. பெரும் பகைவர்களிடம் அம்மந்திரம் பலிக்காது. ஆடும் சிறுவனுக்கு அது தெரியும்; கிளிஃப்டுக்குத் தெரியாது. தலைவன் குற்றுயிராய்க் கிடக்க, குருவானவன் பலிக்காத மந்திரத்தை மீண்டும் மீண்டும் ஓதிக் கொண்டிருந்தான். துணைவர் போர்களில் பட்டறிந்து தேறும்படியே அமைத்திருந்தனர். எனினும் கதையில் ஓரிரு முறை மட்டும் எதிர்ப்படும் பகைவனிடம் கற்றுத் தேற அவகாசம் ஏது? ஜப்பானில் ஒரு தலைமுறைக்கே கிளிஃப்டின் பெயர் நகைச்சுவையாயிற்று. 1992இல் வந்த ஐந்தாம் ஆட்டத்தில் உத்திகளோடு 'என் ஆணைப்படி நட' என்பதும் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. நான்காம் ஆட்டமும் 2001இல் மறுபதிப்புப் பெற்றபோது அவ்வுரிமையைப் பெற்றது.

இவ்வரலாற்றைப் பலர் 'தானியக்கம் தோற்றது, கைவழி ஆளுகை வென்றது' என்று சுருக்கிக் கூறுவர். நான் அங்ஙனம் கருதவில்லை. உத்திகள் நீக்கப்படவில்லை என்பதை நோக்குக. எளிய போர்களில் துணைவரை அவர் போக்கில் விட்டுவிட்டு, கடும் போரில் மட்டும் ஆணையைக் கையில் எடுத்தவர் பலர். துணைவன் தானே முடிவெடுத்ததை மக்கள் வெறுக்கவில்லை. அவன் தவறும்போது தடுக்க வழியின்றி நின்றதையே வெறுத்தனர். 2006ஆம் ஆண்டின் 'பெர்சோனா 3' இதே வழியில் சென்று இதே முறையீட்டைக் கேட்டது. 2009இல் கையடக்கக் கருவிக்கு வந்த பதிப்பில் நேரடி ஆணை இடம்பெற்றது.

கனடாவின் எட்மண்டன் நகரில் மருத்துவப் பட்டம் பெற்றவர்கள் தொடங்கிய 'பயோவேர்' நிறுவனம் 1998இல் வெளியிட்ட 'பால்டர்ஸ் கேட்' இடைவழி ஒன்றைக் கண்டது. போர் நிற்காமல் ஓடும். துணைவர் ஐவரும் தமக்குரிய கட்டளைக் கோவையின்படி தாமே போரிடுவர். ஒரு விசையை அழுத்தினால் அனைத்தும் உறைந்து நிற்கும். அந்நிலையில் வேண்டிய ஆணைகளை இட்டு மீண்டும் ஓடவிடலாம். அக்கோவையை ஆடுவோர் தாமே எழுதிச் சேர்க்கவும் இயன்றது.

அந்த எழுத்து வேலையையே ஆட்டத்தின் நடுவில் கொணர்ந்து வைத்தது, 2006இல் ஜப்பானில் வெளியான 'ஃபைனல் ஃபேண்டசி 12'. அதில் 'காம்பிட்' எனப்படும் விதிகள் உள்ளன. ஒவ்வொரு விதியிலும் நிபந்தனை ஒன்று, செயல் ஒன்று. 'தோழர் ஒருவரின் உயிராற்றல் பாதிக்கும் கீழ் இறங்கினால், ஆற்று மந்திரம் சொல்' என்பது ஒரு விதி. ஒருவருக்குப் பன்னிரண்டு விதிகள் வரை எழுதலாம். மேலிருந்து கீழாகப் படித்து, முதலில் பொருந்துவதையே துணைவர் செய்வர். இடையில் நேரடியாக ஆணையிடவும் தடையில்லை.

என் மகன் இவ்வாட்டத்தின் புதுப்பதிப்பில் எழுதியிருந்த பட்டியலை எனக்குக் காட்டினான். பெனலோ என்னும் துணைவிக்கு முதல் விதி, எதிரி தென்பட்டால் தாக்கு. இரண்டாம் விதி, தோழர் காயமுற்றால் ஆற்று. அவள் ஒருமுறைகூட ஆற்றவில்லை என்று குறைப்பட்டான். அவளிடம் குறையில்லை. எதிரி நிற்கும் வரையில் முதல் விதியே பொருந்திக் கொண்டிருக்கும். இரண்டாவதற்கு முறை எப்படி வரும்? இரண்டையும் இடம் மாற்றச் சொன்னேன். 'ஆல், ஆயின்' என்னும் நிபந்தனை எச்சங்களை முப்பது ஆண்டுகளாகக் கற்பித்து வந்தவனுக்குக் கணினி ஆட்டத்தில் கிடைத்த முதல் வெற்றி அதுவே. அடக்கத்தோடுதான் குறிப்பிடுகிறேன்.

துணைவரிடம் பொறுப்பை ஒப்படைக்கும் இச்சிக்கல் ஆசிரியர்களாகிய நமக்குப் புதிதன்று. ஆசிரியப் பயிற்சியில் கல்வி வரலாறு படித்தவர்கள் 'மதராஸ் முறை'யை நினைவில் வைத்திருப்பர். 1789இல் சென்னை எழும்பூரில், படைவீரர்களின் ஆதரவற்ற ஆண்மக்களுக்கான காப்பகத்தில் ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்துப் பாதிரியார் பொறுப்பேற்றார். நம் திண்ணைப் பள்ளிச் சிறுவர் மணலில் விரலால் எழுதிப் பயில்வதைக் கண்டு, அம்முறையைத் தம் பள்ளியிலும் புகுத்த முற்பட்டார். உதவியாசிரியர்கள் ஒத்துவரவில்லை. ஜான் ஃபிரிஸ்கென் என்னும் எட்டு வயதுச் சிறுவனிடம் எழுத்து வகுப்பை ஒப்படைத்தார். பெரியவர்களால் ஆகாதது அச்சிறுவனால் ஆயிற்று. இங்கிலாந்து திரும்பிய பெல் 1797இல் இதனைச் சிறு நூலாக வெளியிட்டார். சட்டாம்பிள்ளைகளைக் கொண்டு நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் முறை பல நாடுகளில் பரவியது. பரவப் பரவ அது கட்டளைகளின் கோவையாகி, பொருளறியாது ஒப்பிக்கும் எந்திரமாயிற்று என்னும் கண்டனமும் எழுந்தது. 1846இல் பயிற்சி மாணவ ஆசிரியர் திட்டம் இங்கிலாந்தில் அதன் இடத்தைப் பெறலாயிற்று.

எழும்பூரில் ஃபிரிஸ்கென் வென்றபோது பெல் அவனருகில் இருந்தார். பரவிய இடங்களில் விதி மட்டுமே சென்றது. திருக்குறளில் 'தெரிந்து தெளிதல்' 51ஆம் அதிகாரமாகவும், 'தெரிந்து வினையாடல்' அதனை அடுத்தும் நிற்பதை வகுப்பில் பலமுறை சுட்டியிருக்கிறேன். சுட்டியவன் பின்பற்றினானா என்பது வேறு கதை.

தலைமையாசிரியரான முதலாண்டில் விளையாட்டுப் போட்டி நாளின் ஒவ்வோர் அசைவையும் நானே வகுத்தேன். ஊதல் என் கையில். ஒலிபெருக்கி என் கையில். நண்பகலில் தொலைபேசி அழைப்பு ஒன்றுக்காக அலுவலகத்திற்குச் சென்றேன். அந்தக் கால் மணியில் மழை கொட்டியது. திரும்பி வந்தபோது நற்சான்றிதழ்கள் மேசையின் மீது கூழாகிக் கிடந்தன. மாணவத் தலைவர்கள் பத்துப் பேரும் அம்மேசையைச் சுற்றி வரிசை கலையாமல் நனைந்து கொண்டிருந்தனர். ஏன் எடுத்து வைக்கவில்லை என்று கடிந்தேன். "ஐயா சொல்லவில்லையே" என்றாள் ஒரு சிறுமி. 'விசார்ட்ரி'யின் ஆறு வீரர்களைப் பற்றி அறிந்தபோது எனக்கு அவள் முகமே தோன்றியது.

ஆட்டங்களின் வரலாறு நேர்கோட்டில் செல்லவில்லை. விதியெழுதும் முறை 2009இல் 'டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸ்' வரை வந்து செழித்தது. அதன்பின் அலை மறுபக்கம் திரும்பியது. பெல்ஜியத்தின் கென்ட் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட 'லாரியன்' நிறுவனம் 2023 ஆகஸ்டில் வெளியிட்ட 'பால்டர்ஸ் கேட் 3' உலகெங்கும் பெரும் பாராட்டைப் பெற்றது. நம் கோலாலம்பூரில் உள்ள அந்நிறுவனத்தின் கிளைக்கும் அவ்வாக்கத்தில் பங்குண்டு. ஓடும் போரையும் கட்டளைக் கோவையையும் கைவிட்டு, குழுவினர் நால்வரையும் முறைவைத்து ஆடுவோனே நகர்த்தும் பழைய வழிக்கு அது மீண்டது. நாற்பது ஆண்டுகளுக்குப் பின் மறுபடியும் பெரட்டு. அங்கே துணைவரின் தனித்தன்மை போர்க்களத்தில் வெளிப்படுவதில்லை. பாசறைப் பேச்சில் வெளிப்படுகிறது. தலைவனின் செயலை ஏற்காதவர் முகத்துக்கு நேரே கண்டிப்பர். குழுவை விட்டு நீங்குவோரும் உண்டு. 'டிராகன் குவெஸ்ட்' போரில் தேடிய உயிரை இவர்கள் உரையாடலில் தேடினர். எனினும் எனக்கு உகந்தது விதியெழுதும் முறையே. ஒருவரை நம்பி அனுப்புமுன், அவரிடம் நான் எதிர்பார்ப்பது யாது என்பதை என்னையே முதலில் தெளிய வைப்பது அது.

மகன் இதை ஏற்கவில்லை. விடுமுறை முடியும் தறுவாயில் இரண்டு ஆட்டங்களையும் மாறி மாறி ஆடினான். நான் செய்தித்தாளைப் பிடித்தபடி அவன் முணுமுணுப்பைக் கேட்டுக் கொண்டிருந்தேன். விதிப்படி இயங்கும் ஆட்டத்தில் துணைவி வீழ்ந்தபோது, "பெனலோ செத்துவிட்டாள்" என்றான். தானே நகர்த்தும் ஆட்டத்தில் குருத்தி வீழ்ந்தபோது, "ஷேடோஹார்ட்டைச் சாகடித்துவிட்டேன்" என்றான். வினை மாறியதை அவன் அறியவில்லை. நான் திருத்தவும் இல்லை. இரண்டு வாக்கியங்களிலும் இலக்கணப் பிழை இல்லை.