அளவுகோல் மாறியபோது: பிரான்சின் சூரியகாந்தி வயல்களும் தேனீ இழப்பு பற்றிய அறிவும்

1994 கோடையில் பிரான்சின் மேற்கிலும் நடுப்பகுதியிலும் சூரியகாந்தி வழக்கம்போலப் பூத்தது. ஆனால் தேனீப் பெட்டிகளில் தேன் சேரவில்லை. வயலுக்குப் போன வேலைக்காரத் தேனீக்களில் பல கூடு திரும்பவில்லை. திரும்பியவற்றில் நடுக்கமும் தடுமாற்றமும் தெரிந்தன. சில பூவின் மீதே அசையாமல் கிடந்தன. தேனீ வளர்ப்போருக்கு இழப்பு புதிதல்ல. தேனீக்களைத் தாக்கும் வரோவா உண்ணி 1980களின் தொடக்கத்திலேயே அந்நாட்டுக்குள் வந்துவிட்டது. அதன் அறிகுறிகளை அவர்கள் நன்கு அறிந்திருந்தார்கள். இது வேறு ஏதோ என்று அவர்கள் சொன்னதற்குக் காரணம் இருந்தது. தொல்லை சூரியகாந்தி பூக்கும் வாரங்களோடு ஒட்டியே வந்தது. அந்தப் பயிரில் அப்போது புதிதாக நுழைந்திருந்தது ஒன்றே: 'கௌச்சோ' என்ற பெயரில் பேயர் நிறுவனம் விற்ற இமிடாகுளோபிரிட் விதை நேர்த்தி மருந்து.

தமிழக உழவர்களுக்கும் இமிடாகுளோபிரிட் தெரிந்த பெயர்தான். இங்கே பருத்தி விதை நேர்த்திக்கு அது பயன்படுகிறது. விதையில் பூசிய மருந்து, செடி வளர வளர வேரிலிருந்து தண்டு, இலை, பூ வரை பாயும். தெளிப்பு மருந்துக்குத் தெளித்த நாள் என்று ஒன்று உண்டு. அன்று பெட்டிகளை மூடி வைக்கலாம், இடம் மாற்றலாம். விதையோடு வந்த மருந்துக்கு அப்படி ஒரு நாள் கிடையாது. தேனீயின் இழப்பில் பெரும்பகுதி வயலிலேயே கண்ணில் படாமல் நடந்ததால், நஞ்சுக்குச் சான்றாக எடுத்துக் காட்டப் பிணங்களும் கிடைக்கவில்லை.

தேனீ வளர்ப்போரின் கூற்றை அறிவியல் எடுத்த எடுப்பில் ஏற்காததற்கு அலட்சியத்தை மட்டும் காரணம் சொல்ல முடியாது என்பது என் கருத்து. அன்றைய நச்சியல் கேட்ட கேள்வியே வேறு. எவ்வளவு மருந்து கொடுத்தால், குறுகிய நேரத்துக்குள், சோதனைத் தேனீக்களில் பாதி சாகும்? மருந்துக்கு அனுமதி வழங்குவதற்கான அடிப்படை அளவுகோல் இதுவே. சாகாமல் வழி தவறும் தேனீக்கு அந்த அளவுகோலில் இடமில்லை. நாள்தோறும் மிகச் சிறிய அளவில் நஞ்சை உண்டு, கூட்டுக்கும் கொண்டுவந்து, புழுக்களுக்கும் ஊட்டும் தேனீக்கும் இடமில்லை. தேனீ வளர்ப்போர் பார்த்ததோ இவற்றைத்தான்.

வயலில் செய்த சோதனைகளும் முடிவு தரவில்லை. 1998இல் வாந்தே, அந்த்ர், தெ-செவ்ர் மாவட்டங்களில் அரசு ஆய்வாளர்கள் களமிறங்கினர். தேனீ பல கிலோமீட்டர் பறந்து இரை தேடும் உயிரினம். 'மருந்துள்ள வயல்', 'மருந்தில்லா வயல்' என்று நாம் போடும் எல்லையை அது மதிக்காது. இமிடாகுளோபிரிட் மண்ணிலும் தங்கும் என்பதால், மருந்தில்லாத வயல் என்று ஒன்றைத் தேடுவதே கடினம். இத்தனை ஐயங்களுக்கு நடுவிலும் வேளாண் அமைச்சர் ழான் கிளவானி 1999 ஜனவரியில் சூரியகாந்திக்குக் கௌச்சோவைத் தற்காலிகமாக நிறுத்தினார். முழுச் சான்று வரும்வரை காத்திராமல், முன்னெச்சரிக்கைக் கொள்கையின் பேரில் எடுத்த முடிவு அது. துணிச்சலான முடிவு என்றே அதைச் சொல்வேன்.

அறிவு உண்மையில் நகர்ந்தது அதற்குப் பின்னர்தான். ஓர்லெயானில் ழான்-மார்க் பொன்மதேனின் குழு மகரந்தத்தில் நூறு கோடியில் ஒன்று என்ற அளவுக்கும் கீழே மருந்தைக் கண்டறியும் முறையை உருவாக்கியது. சூரியகாந்தி மகரந்தத்தில் சராசரியாக நூறு கோடியில் மூன்று பங்கு இருந்தது. மிகச் சொற்பம்தான். ஆனால் ஒரு தேனீயைக் கொல்லச் சில நானோகிராமே போதும். அதைவிடக் குறைந்த அளவும் அதன் நடத்தையைப் பாதிக்கும் என்பதை ஆய்வகச் சோதனைகள் காட்டிவந்தன.

அரசு அமைத்த அறிவியல்-தொழில்நுட்பக் குழு 2003இல் அளித்த அறிக்கை இந்த வரலாற்றின் திருப்புமுனை. பேயர் தரப்பு உண்ணி, வைரஸ், தட்பவெப்பம் என்று பல காரணங்களைச் சுட்டியது. அவை பொய்யான காரணங்களல்ல. தேனீ இழப்பு பல காரணங்களால் நிகழ்வதை இன்று எவரும் மறுப்பதில்லை. ஆனால் எல்லாவற்றுக்குமான ஒரே காரணத்தைத் தேடிக் குழு போகவில்லை. பூவில் உள்ள மருந்தின் அளவையும் தேனீக்குத் தீங்கு தரும் அளவையும் எதிரெதிரே வைத்துக் கணக்கிட்டது. புழு, புழுவுக்கு ஊட்டும் செவிலித் தேனீ, வயலுக்குப் போகும் தேனீ என ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக அந்தக் கணக்கைப் போட்டது. சூரியகாந்தி விதை நேர்த்தியால் வரும் ஆபத்து கவலைக்குரியது, அது தேனீ வளர்ப்போர் களத்தில் கண்டவற்றோடு ஒத்துப்போகிறது என்பது அதன் முடிவு. வளர்ப்போரின் கவனிப்பை ஓர் அரசுக் குழு தன் கணக்கோடு ஒத்துப் பார்க்கத்தக்க சான்றாக ஏற்றது என்பதுதான் இதில் முக்கியம். 2004இல் மக்காச்சோளத்துக்கும் கௌச்சோ நிறுத்தப்பட்டது.

அமெரிக்காவில் பாதை வேறாக இருந்தது. 2006 நவம்பரில் பென்சில்வேனியாவின் தேனீ வளர்ப்பாளர் டேவ் ஹேக்கன்பெர்க், ஃபுளோரிடாவில் வைத்திருந்த தம் பெட்டிகளில் பெரும்பாலானவை காலியாகக் கிடப்பதைக் கண்டார். அவரும் விரைவிலேயே இமிடாகுளோபிரிட் அடங்கிய மருந்துக் குடும்பத்தின் மீது ஐயம் தெரிவித்தார். ஆய்வாளர்களின் கவனமோ முதலில் நோய்க்கிருமிகளின் பக்கம் சென்றது. 2007இல் 'சயன்ஸ்' இதழில் வந்த ஆய்வு, இழப்போடு தொடர்புடையதாக ஒரு வைரஸை முன்வைத்தது. அங்கே வளர்ப்போரின் சொல் நெடுங்காலம் வெறும் அனுபவக் கதையாகவே எண்ணப்பட்டது.

பிரான்சில் 2012இல் அவிஞ்ஞோன் நகரின் மிக்காயேல் ஹென்றி குழு, 650க்கும் மேற்பட்ட தேனீக்களின் முதுகில் நுண் அடையாளச் சில்லுகளை ஒட்டியது. அதே குடும்பத்து மருந்தான தயாமீத்தாக்சாமைக் கொல்லாத அளவில் ஊட்டிக் கூட்டிலிருந்து தொலைவில் விட்டது. மருந்துண்டவற்றில் குறிப்பிடத்தக்க பங்கு வழி தவறியது. ஊட்டிய அளவு குறித்தும், கூட்டத்தின் அழிவைக் கணித்த முறை குறித்தும் விமர்சனம் எழுந்தது; அதில் நியாயமும் உண்டு. ஆயினும், 'போன தேனீ திரும்பவில்லை' என்று வளர்ப்போர் பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் சொன்ன வாக்கியம் அன்று அளவிடத்தக்க ஒன்றாக மாறியது. 2013இல் ஐரோப்பிய ஒன்றியம் இக்குடும்பத்தின் மூன்று மருந்துகளைத் தேனீ நாடும் பயிர்களில் கட்டுப்படுத்தியது. 2018இல் அவற்றின் திறந்தவெளிப் பயன்பாட்டை முற்றாகத் தடுத்தது.

அளவுகோலைத் திருத்தும் வேலை அதோடு முடியவில்லை. நாட்பட்ட நஞ்சையும் புழுக்களின் பாதிப்பையும் சோதிக்கச் சொல்லும் வழிகாட்டியை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2013இலேயே வெளியிட்டது. உறுப்பு நாடுகள் அதை முழுமையாக ஏற்காமல் ஆண்டுக்கணக்கில் இழுத்தடித்தன. திருத்திய வழிகாட்டி 2023இல்தான் வெளிவந்தது.